கொட்டகலைச் சுற்றுமலைக் காப்புக்காடுகள்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே இருக்கும் தேயிலை ஊர் கொட்டகலை. அதைச் சூழ்ந்த மலைகளில் வனவிலங்குகளுக்காகவும் நீருக்காகவும் வெவ்வேறு காலங்களில் ஒதுக்கப்பட்ட நிலங்களைப் பற்றியது இக்கட்டுரை. தென்மேற்கே சிவனொளிபாதமலைச் சரணாலயம், தென்கிழக்கே ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்கா, கிழக்கே நுவரெலியாவை ஒட்டிப் பிதுருதலாகலக் காடும் கல்வேஸ்லாண்டும் ஹக்கலவும் உள்ளன. ஊருக்கு மிக அருகில், ஹட்டன் பக்கமாகச் சிங்கமலை நிற்கிறது. இவற்றுக்கு நடுவில் கிடப்பதெல்லாம் தேயிலை.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பைத் தோட்டத்து மக்கள் காட்டுத்தொங்கல் என்பார்கள். வரைபடத்தில் அது ஒரு கோடு. அங்கே கொழுந்து எடுப்பவர்களுக்கோ அது நாள்தோறும் நின்று வேலை செய்யும் இடம். அரசாங்கம் உயரத்தையும் பரப்பையும் அளந்து எல்லை போட்டது. விலங்குகள் மழைக்கும் பனிக்கும் பழத்துக்கும் பூவுக்கும் ஏற்ப இடம் மாறுகின்றன. அசையாத அந்தக் கோட்டுக்கும் அசைந்துகொண்டே இருக்கும் இந்தப் பருவங்களுக்கும் இடையிலான இழுபறிதான் மலையகக் காப்புநிலங்களின் வரலாறு. அந்த இழுபறி நடந்த இடம் காட்டுத்தொங்கல்.

பெயரில் தங்கிய புல்வெளி

கொட்டகலைக்கு அடுத்திருக்கும் ஊர் பத்தனை. ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருப்பதால் மலையக ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சற்றுத் தள்ளி அக்கரபத்தனை. சிங்களத்தில் ‘பத்தன’ என்றால் மலைப் புல்வெளி. காடும் புல்வெளியும் மாறி மாறிக் கிடந்த நாடு இது என்பதற்குத் தேயிலை மூடிய பிறகும் அழியாமல் நிற்கும் சாட்சி இந்த ஊர்ப்பெயர்கள். அந்தப் பழைய அமைப்பை இன்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹோர்ட்டன் சமவெளிக்குத்தான் போகவேண்டும். அங்கே பள்ளங்களில் புல்லும், மேடுகளில் பாசி தொங்கும் குட்டை மரங்களும் இன்னும் தத்தம் இடத்தில் இருக்கின்றன.

ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் படிந்த மகரந்தத் துகள்களை ரத்னசிறி பிரேமதிலகவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் வானிலைக் கதையை அந்த மண் வைத்திருந்தது. வறண்ட யுகத்தில் புல் பரந்ததும், மழை வலுத்தபோது காடு ஏறியதும், மனிதர்கள் தீ மூட்டியதும் அதில் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. மலைக்காட்டை மனிதக் கை படாத ஆதிக்காடு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவே பயன்படுத்த வேண்டும் என்று இந்த ஆய்வு காட்டுகிறது.

கண்டி அரசர்கள் காலத்தில் சில காடுகள் தடைக்காடுகளாக இருந்தன. அங்கே குடிகள் மரம் வெட்டவோ காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்யவோ கூடாது. காட்டை ஒதுக்கி வைக்கும் எண்ணம் வெள்ளைக்காரர்களோடு கப்பலில் வந்திறங்கியதல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களோடு வந்தது காட்டை மொத்தமாக விற்கும் எண்ணம்.

காடு வெட்டிய காலம்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. முடிக்குரியதான நிலம் பிறகு ஏக்கர் கணக்கில் கோப்பித் துரைமாரின் கைக்குப் போனது. 1878 அளவில் கோப்பி 275,000 ஏக்கரில் நின்றது. அந்தக் காட்டை வெட்டிச் சாய்த்தவர்கள் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தவர்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். மலையகக் காட்டின் அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு அழிவுகளையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். காட்டை விழுத்திய கோடாலி யார் கையில் இருந்தது என்று மட்டும் எழுதிவிட்டு, யார் கட்டளைக்கு அது விழுந்தது என்பதை விட்டுவிடுவது நியாயமல்ல.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பி முடிந்தது. துரு நோய் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை வைத்திருந்தார். கோப்பியை விட உயரத்திலும் குளிரிலும் தேயிலை வளரும். ஆகவே கோப்பி தொடாத மேல்மலைக் காடுகளும் ஆபத்துக்குள் வந்தன. 1880களின் நடுவில் ரயில் பாதை ஹட்டனைக் கடந்து நானுஓயா வரை ஏறியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்து போன சுரங்கம்தான் இலங்கை ரயில் பாதைகளிலேயே நீளமானது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த ரயிலில் அரிசியும் ஆட்களும் ஏறினார்கள், தேயிலைப் பெட்டிகள் இறங்கின. டிரேட்டன், மேபீல்ட், ஸ்டோனிகிளிப், ரொசிட்டா என்று கொட்டகலையைச் சுற்றி இன்று வழங்கும் பெயர்களுக்கெல்லாம் அடியில் ஒருகாலத்தில் காடு இருந்தது.

ஐயாயிரம் அடிக் கோடு

இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873இல் இலங்கை அரசாங்கத்துக்கு ஓர் அறிவுரை சொன்னார். 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்ட விடக்கூடாது என்பதே அது. மலையுச்சிக் காடு போனால் ஆறுகள் வற்றும், மண் இறங்கும் என்பது காரணம். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு அந்த உயரத்துக்கு மேல் முடிக்குரிய காட்டை விற்பதை நிறுத்தியது. இன்றைக்கு நமக்கு மிஞ்சியிருக்கும் மேல்மலைக் காட்டின் பெரும் பகுதி இந்த ஒரு முடிவினால் பிழைத்தது.

ஹூக்கரின் கணக்கு சரியாகவே இருந்தது. ஹோர்ட்டன் சமவெளியையும் அதை ஒட்டிய முகடுகளையும் இலங்கையின் தலைத்தொட்டி என்று சொல்லலாம். அங்கே விழும் மழை மூன்று பக்கமும் பிரிகிறது. அக்ரா ஓயா வழியாக மகாவலிக்கும், போகவந்தலாவைப் பக்கமாகக் களனிக்கும், பெலிஹுல் ஓயா வழியாக வளவைக்கும் நீர் போகிறது. மழை பெய்யாத நாளிலும் அங்கே மரங்களில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். இலையிலும் பாசியிலும் முகில் தங்கி நீராகி வேருக்கு இறங்குகிறது. காலையில் மூடும் முகிலைச் சலித்துக்கொள்ளும் பயணிகள், அது ஆற்றின் முதல் துளி என்று அறிந்தால் சற்றுப் பொறுமையாக நிற்பார்கள்.

ஆனால் உயரக்கோட்டுக்கு ஒரு குறை இருந்தது. கொட்டகலை, டிக்கோயா, பொகவானைப் பள்ளத்தாக்குகள் அதற்குக் கீழே விழுந்தன. பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலையானதும் மேலே தப்பிய காடுகள் தீவுகளாகின. மழைக்காலத்தில் கீழே இறங்கி, வெயிலில் மேலே ஏறிய விலங்குகளுக்கு ஏறும் படியும் இறங்கும் படியும் இல்லாமல் போயின. நீரைக் காக்க வரைந்த கோடு நீரைக் காத்தது. விலங்கின் நடமாட்டத்தை அந்தக் கோட்டை வரைந்தவர்கள் யோசிக்கவில்லை.

வேட்டைக்காரர்கள் எழுதிய சட்டம்

மலைநாட்டு யானைகளின் கதை சுருக்கமானது, கொடியது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, நாய்ப்படையோடு மரைகளைத் துரத்தினார். மரையை வெள்ளையர்கள் ‘எல்க்’ என்றார்கள். எல்க் பிளேன்ஸ் என்ற இடப்பெயர் அதனால் வந்தது. பேக்கர் 1854இல் வெளியிட்ட வேட்டை நூல் ஐரோப்பாவில் இன்னும் பல துப்பாக்கிகளை இந்த மலைக்கு அழைத்தது. பல்லாயிரம் ஆண்டுகள் ஏறி இறங்கிய யானைப்பாதைகள் துரைமாரின் குதிரைப்பாதைகளாகி, பிறகு தோட்ட வீதிகளாயின. பாதைகள் மிஞ்சின, யானைகள் மிஞ்சவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் அவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முற்றாக மறைந்தன.

பிறகு பயம் வந்தது. சுட ஒன்றும் மிஞ்சாது என்ற பயம். தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவே இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். ஈனும் காலத்தில் சுடக்கூடாது என்று வேட்டைக்கு மூடுகாலம் வைப்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. நோக்கம் அடுத்த ஆண்டின் வேட்டைதான். ஆனாலும் விலங்குக்கு ஒரு பருவம் உண்டு, அந்தப் பருவத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் இந்த மலைகளில் சட்டத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக் கணக்கைத் தாண்டி இடத்தையே காப்பதாக அமைந்தது. இடங்களை அது தரம் பிரித்தது. கடும் இயற்கை ஒதுக்கத்தில் அனுமதி பெற்ற ஆய்வாளரைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. தேசிய பூங்காவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் ஊரும் கோயிலும் இருக்கலாம். 1938இல் ஹக்கல கடும் இயற்கை ஒதுக்கமானது. அதே ஆண்டு கல்வேஸ்லாண்ட் சரணாலயமானது; 2006இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. முப்பது ஹெக்டேர்கூட இல்லாத அந்தச் சின்னக் காட்டைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டும். 1940 அக்டோபரில் சிவனொளிபாதமலையைச் சுற்றிய ஏறத்தாழ 22,000 ஹெக்டேர் சரணாலயமாகப் பிரகடனமானது. நான்கு மதத்தவரும் புனிதமாகக் கொள்ளும் மலை என்பதால் மக்களை உள்ளே விடாத தரத்தை அதற்குக் கொடுக்க முடியாது. 1949இல் வனஜீவராசிகள் திணைக்களம் தனியாக அமைந்தது.

ஹோர்ட்டன் சமவெளி

சிங்களத்தில் மகா எலிய. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 3,160 ஹெக்டேர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூண்டில் பிரியர்கள் இதன் ஓடைகளில் ட்ரௌட் மீன் விட்டார்கள். தோமஸ் பார் என்ற தோட்டத்துரையின் பெயரிலுள்ள பார் இன் விடுதி வேட்டைக்காரர்களுக்கு இடம் கொடுத்தது. 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியில் அரசாங்கமே விதைக் கிழங்குப் பண்ணை நடத்தியது. 1969 டிசம்பர் 5ஆம் திகதி இயற்கை ஒதுக்கமாகவும், 1988 மார்ச் 16ஆம் திகதி தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் மூன்றும் சேர்ந்து ‘இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்’ என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின.

இங்கே மட்டும் அல்லது இம்மலைகளில் மட்டும் வாழும் உயிர்கள் பல. மூக்கில் கொம்பு வைத்த ஓணான் அவற்றில் ஒன்று. தடித்த ரோமத்தால் கரடிபோல் தெரியும் மலைமந்தி இன்னொன்று. ஓடைக்கரை இருட்டில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் குரல் கொடுக்கும் நீலநிறச் சீட்டிப்பூங்குருவி மற்றொன்று. ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு 1937க்குப் பிறகு பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் அழிந்தேவிட்டது என்று எண்ணப்பட்டது. 2010இல்தான் அதன் முதல் புகைப்படங்கள் உலகத்துக்கு வெளியாயின. அந்தச் சின்னஞ்சிறு பிராணி, இருக்கிறது என்று காட்டிக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது.

பூங்காவை நிர்வகிப்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் தலைவலி. 1970களிலிருந்து இங்கே மரங்கள் நின்றபடியே காய்கின்றன. கீனை, நாவல் இனத்துப் பெருமரங்கள்தாம் அதிகம் பட்டன. மண்ணின் அமிலம், சத்துக்குறை, காற்றில் வரும் மாசு, வறட்சி என்று ஆய்வாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் காட்டுகிறார்கள். இன்னொன்று கோர்ஸ் என்ற ஐரோப்பிய முட்செடி. மஞ்சள் பூவுக்கு ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது புல்வெளியைத் தின்கிறது. தொண்டர்கள் கூட்டமாகப் போய் வேரோடு பிடுங்குகிறார்கள். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒருமுறை பிடுங்கினால் போதாது.

ஆண்டின் சுற்று

மலையகத்துக்கு நான்கு காலம். தை, மாசியில் பனியும் வெயிலும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும் இடிமழை, அதைத் தொடர்ந்து வடகிழக்குக் காற்று. கொட்டகலையும் ஹட்டனும் மேற்குச் சரிவில் இருப்பதால் தென்மேற்கு மழைதான் இங்கே ஆண்டின் பெரிய மழை. வெலிமடைப் பக்கமோ அப்போது காற்றில் காயும். ஒரே மலைநாட்டில் ஒரு மலைக்கு இந்தப் பக்கம் அட்டை கடிக்கும்போது அந்தப் பக்கம் தூசி பறக்கும். பூங்கா முழுவதற்கும், மலைநாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி போட முடியாததற்கு இதுவே காரணம்.

தையும் மாசியும் தீயின் மாதங்கள். இரவில் உறைபனி விழுந்து புல் வெளுக்கும். சில நாளில் அது பஞ்சுபோல் காயும். மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்றும், முயலையும் பன்றியையும் கிளப்ப வேண்டும் என்றும் மானாப்புல்லுக்குத் தீ வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிங்கமலைக் காட்டில் பல ஆண்டுகளாக வறட்சிதோறும் தீ எழுகிறது. ஹட்டன் நகரத்தின் குடிநீர் அந்தக் காட்டிலிருந்து வருகிறது. வைத்த தீ இரண்டு நாளில் அணைந்தாலும் ஊற்று மெலிந்தது அடுத்த வறட்சியில் பீலிக்கரையில் தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு அது முதலில் தெரியும். காட்டின் ஓரத்தில் தீத்தடைப் பட்டைகளை மார்கழிக்குள் செதுக்கி முடிப்பது காப்புக்காட்டு வேலைகளில் மிகச் சாதாரணமானது. பேர் வாங்கித் தராதது. என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயன் மிகுந்ததும் அதுதான்.

மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை. நல்லதண்ணிப் பாதையில் இரவெல்லாம் விளக்கு எரியும். இலட்சக்கணக்கான கால்கள் ஏறும். காட்டுக்கு நடுவே ஆறு மாதம் ஒரு நகரம் இயங்குவதுபோல. விலங்குகள் பாதையை விட்டு விலகி நிற்கின்றன. பொலித்தீனையும் போத்தலையும் மழைக்கு முன் பொறுக்கி இறக்காவிட்டால் எல்லாம் ஓடைக்குப் போகும். வெசாக் முடிந்து விளக்கு அணைந்து தென்மேற்கு மழை இறங்கியதும் பாதையோரம் மறுபடி பாசி படர்கிறது. பக்தியின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும் பொருந்தி, இந்தக் காட்டுக்கு ஆண்டில் பாதியை ஓய்வாகக் கொடுத்திருக்கின்றன. எந்தத் திணைக்களமும் திட்டமிட்டுக் கொடுத்த ஓய்வல்ல இது.

யாத்திரை மாதங்களை ஒட்டி வேறு விருந்தாளிகளும் வருகிறார்கள். ஐப்பசியில் வந்து சித்திரையில் திரும்பும் வலசைப் பறவைகள். காசுமீர் ஈப்பிடிப்பான் கோடையில் இமயத்தின் வடமேற்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தைக் கழிக்க அதற்கு உலகில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் இலங்கை மலைநாடும்தான். இமயத்துக் கறுப்புவெள்ளைப் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் அப்படியே வருகின்றன. முப்பது ஹெக்டேருக்கும் குறைவான கல்வேஸ்லாண்ட் இந்தப் பறவைகளுக்காகத்தான் பெயர் பெற்றது. நுவரெலியா நகரத்தை ஒட்டி, கிழங்குத் தோட்டங்களும் விடுதிகளும் நெருக்கும் ஒரு துண்டுக் காடு, ஓர் இனத்தின் பாதி ஆண்டு வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பரப்பைக் கணக்குப் பார்த்துக் காப்புநிலத்தின் மதிப்பைச் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உள்ளூர்ப் பறவைகளும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆளுநர் டொரிங்டன் குடும்பத்தின் பெயரை விலங்கியலில் தாங்கிய மலைப்புறா பழம் எங்கே பழுக்கிறதோ அங்கே போகும். உயரமும் எல்லையும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

பெருந்தேனீயும் அப்படியே. பூ மலரும் பருவத்தைத் தொடர்ந்து தாழ்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடையே கூட்டங்கூட்டமாக இடம்பெயர்வது அதன் வாழ்க்கை. தோட்டத்தில் இதையும் குளவி என்றே சொல்வார்கள். பெருமரக் கிளையிலும் கற்பாறை முகப்பிலும் வந்து தொங்கும் அடை, ஒரு பருந்து மோதினாலோ காற்று உலுக்கினாலோ கலைந்து, கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள்மீது இறங்கும். தலையில் கூடை, காலடியில் சரிவு; ஓட வழியிருக்காது. மலையகத்தில் இந்தக் கொட்டினால் ஆண்டுதோறும் ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகிறார்கள், உயிரும் போகிறது. சிறுத்தையைப் பற்றி எழுதப்படும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படுவதில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அதிகத் துன்பம் தரும் காட்டுயிர் இந்தத் தேனீதான். தேனீ வரும் மாதம் ஏறத்தாழத் தெரிந்தது. அந்த மாதங்களில் மலைக்கு ஆள் விடுமுன் அடை பார்ப்பதும், அடை தொங்கும் மலையைச் சில வாரம் விட்டு வைப்பதும் பருவம் அறிந்து நிர்வகிப்பதில் சேரும். தேனீயை எரிப்பது சேராது; மேலேயுள்ள காட்டின் பூக்களைக் காயாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லாப் பருவத்துக்கும் மேலே ஒரு நீண்ட பருவம் இருக்கிறது. நெலு என்ற குறிஞ்சி இனச் செடிகள் காட்டடியில் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்து பூக்கின்றன. பூத்ததும் தேன், பிறகு விதை. விதைக்காகக் காட்டுக்கோழியும் புறாவும் திரள்கின்றன. அந்த விதையைத் தின்ற காட்டுக்கோழி கிறங்கிப்போய்க் கையில் அகப்படும் என்று மலையில் சொல்வதுண்டு. பிறகு செடிகள் மொத்தமாகச் செத்துக் காட்டடி வெறுமையாகும். அடுத்த தலைமுறை ஒரே நேரத்தில் முளைக்கும். பூக்காலத்தில் பார்வையாளர் கூட்டம் புல்லுக்குள் இறங்கிப் படம் எடுக்கும்போது மிதிபடுவது அந்த முளையின் இடம். ஐந்தாண்டுத் திட்டம் போடும் ஒரு திணைக்களம் பன்னிரண்டு ஆண்டுச் செடியை நிர்வகிக்க வேண்டியிருக்கிறது.

சிறுத்தையும் லயமும்

இலங்கையில் வேங்கைப்புலி இல்லை. காட்டின் மேல்மட்ட வேட்டையாடி சிறுத்தைதான். தோட்டத்தில் அதைப் புலி என்றே சொல்வார்கள். தீவுக்கே உரிய இந்தக் கிளையினத்துக்குக் கொட்டியா என்ற சிங்களச் சொல்லையே அறிவியல் பெயரில் சேர்த்து, 1956இல் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. பல நூறு ஹெக்டேர் தேயிலைக்கு நடுவே ஒரு சிறுத்தை எப்படி வாழ்கிறது என்பதை வனாந்தர, வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த அஞ்சலி வட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் கமராப் பொறிகளை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு நிலையம் ஒன்று டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட் தோட்டத்தில் இருக்கிறது. ஓடையோரக் காடும், முகட்டுக் காடும், விறகுக்காக நட்ட டர்பன்டைன் தோப்பும் சிறுத்தைக்கு வீடு என்பதும், தேயிலை அது கடந்து போகும் முற்றம் என்பதும் இந்த வேலைகளால் தெளிவாகின. அது தின்பது பெரும்பாலும் மான், மரை, முள்ளம்பன்றி, குரங்கு. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் நாய் தட்டுப்பட்டால் அதையும் விடாது.

கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்கடியில் சிறுத்தைக் குட்டிகளைக் கண்டெடுத்த செய்தி மலையகத்தில் அடிக்கடி வரும். தாய் கைவிட்ட குட்டிகள் அல்ல அவை. இரை தேடப் போகும் தாய் அடர்த்தியான செடிக்குள் மறைத்துவிட்டுப் போயிருக்கிறது. தூக்கிக்கொண்டு வராமல், அந்த மலையில் அன்று வேலையை நிறுத்திவிட்டு விலகினால் தாய் வந்து எடுத்துக்கொண்டு போகும். பல தோட்டங்களில் தொழிலாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அரை நாள் பேர் (வேலைப் பதிவு) போகுமா, கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையுமா என்ற கேள்வி அவர்களுக்கு இருக்கும்போதே செய்கிறார்கள். பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதியை நாட்சம்பளக்காரர் தம் கைக்காசில் செய்கிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

சிறுத்தையைக் கொல்வது பெரும்பாலும் பகை அல்ல, கம்பிச் சுருக்கு. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் மரைக்கும் வைத்தது. வேட்டைக் கறிக்காக வைப்பவர்கள் உண்டு. லயத்தின் பின்னால் இருக்கும் நாலு பாத்திக் கிழங்கையும் போஞ்சியையும் காக்க வைப்பவர்களும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் மிக அரிதான ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்தது. நாடு முழுவதும் கோபப்பட்டது. கோபம் நியாயம். ஆனால் பயிரழிந்தால் நட்டஈடு கேட்கக் காணியுறுதி இல்லாத, தலைமுறைகளாக வாழும் வீட்டு முற்றமே தன்னுடையதல்லாத ஒரு மனிதருக்குப் பன்றியைத் தடுக்க வேறு வழி என்ன கொடுத்தோம் என்ற கேள்வி அந்தக் கோபத்தோடு சேர்ந்து எழவில்லை. வேலி, விளக்கு, சமையல் கழிவை மூடி வைப்பது, நாய்களைக் கட்டுப்படுத்துவது எல்லாம் லயத்தின் வாசலில் செய்ய வேண்டிய வேலைகள். அங்கே காப்புக்காட்டு உத்தியோகத்தர் அடிக்கடி வந்தால்தான், தமிழில் பேசி வந்தால்தான், அவை நடக்கும்.

துண்டுகளை இணைத்தல்

தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. தோட்ட எல்லைக்குள்ளேயே கிடக்கும் ஓடையோரக் காடுகளும் முகட்டுத் துண்டுகளும் அவற்றோடு கைமாறின. பூங்கா என்றோ சரணாலயம் என்றோ பெயர் இல்லாத இந்தத் துண்டுகள்தான் சிவனொளிபாதமலைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடையில் விலங்குகள் மிதித்துப் போகும் கற்கள். போகவந்தலாவையிலிருந்து அக்ரா–போபத் முகடு வழியாகப் போகும் காட்டுத் தொடர் இதில் முக்கியமானது. வனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்த இதர அரச காடுகளைக் காத்த 5/2001 இலக்கச் சுற்றறிக்கையை 2020 நவம்பரில் அரசாங்கம் நீக்கியபோது எதிர்ப்பு எழுந்ததன் காரணம், நாடெங்கும் இத்தகைய பெயரில்லாத துண்டுகளே முதலில் போகும் என்ற அச்சம்.

இணைக்கும் வேலை நாற்றிலிருந்து தொடங்குகிறது. நடுகை தென்மேற்கு மழை இறங்கி மண் ஊறிய பிறகே. அதற்கு முன் நட்டால் வெயில் தின்னும். மலைக்காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை. கம்மரமும் டர்பன்டைனும் பத்தாண்டில் காடுபோல் நிற்கும். கீனை அந்தக் காலத்தில் இடுப்பளவுக்கு வந்தால் நல்ல வளர்ச்சி. முதல் சில ஆண்டு மானாப்புல்லையும் கோர்ஸையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் இன்னொரு சிக்கல். வேட்டை நின்றதால் மரைகள் பெருகின. வீதியோரத்தில் பயணிகள் நீட்டும் பாணுக்கும் பழகின. மரம் காய்ந்த இடத்தில் நட்ட நாற்றின் தளிரை இராத்திரியில் வந்து கடிப்பவை அந்த மரைகள்தான். துரத்தவும் கூடாது, சுடவும் கூடாது. ஆகவே நாற்றுகளைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள். வெளியே மரை மேய்கிறது. உள்ளே முழங்கால் உயரக் கீனை அடுத்த உறைபனிக்குக் காத்து நிற்கிறது.